இரண்டாம் முறை கேட்காத சபை

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, "இந்த மனுசி ஏன் இப்படி எரிந்து விழுகிறது?" என்று யாரும் கேட்கக்கூடாது. டென்மார்க்கின் யூட்லாந்தில் ஒரு சின்னப் பட்டினத்து ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டொக்டராக வேலை செய்தேன். எண்பதுகளின் பிற்பாதியில் நான்கு வருடங்கள் அம்ட் சபையின் உறுப்பினராகவும் இருந்தேன். அம்ட் என்றால் எங்கள் ஊர் மாகாணம் மாதிரி ஒன்று; ஆஸ்பத்திரிகளும் பெரிய வீதிகளும் அதன் பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருத்தி, அதுவும் ஒரு யாழ்ப்பாணத்துப் பொம்பிளை, அந்தச் சபையில் உட்கார்ந்தது அந்தக் காலத்தில் பெரிய புதினம். பத்திரிகையில் படமெல்லாம் வந்தது. ஆனால் நான் எதற்காக அங்கே போனேனோ, அது நடக்கவில்லை. நடக்காமல் போனதற்கு முழுக்காரணம் நான்தான். இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

போனது ஒரே ஒரு காரியத்துக்கு. எங்கள் ஆஸ்பத்திரியின் பிரசவ வாட்டை மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அடுத்த பெரிய ஆஸ்பத்திரி காரில் ஒரு மணித்தியாலத் தூரம். அதுவும் கோடையில். பனி கொட்டினால் எவ்வளவு நேரம் என்று கடவுளுக்குத்தான் தெரியும். பஸ்ஸை நம்பி யாரும் பிள்ளை பெற முடியாது. இதையெல்லாம் என் மண்டையில் ஏற்றியவர் எங்கள் தலைமை மருத்துவிச்சி. உயரமான டேனிஷ் மனுசி. அளந்துதான் பேசுவார். சின்னச் சுருட்டுப் பிடிப்பார். அந்த வாட்டில் இருபது வருடங்களுக்கு மேலாகப் பிள்ளைகளை வாங்கி எடுத்தவர். வாட்டுக்கு வெளியே அவருக்கு ஒரு வாழ்க்கை இருந்ததாக எனக்குத் தெரியாது.

தேர்தலுக்கு முந்திய கோடையில் நடந்த ஒரு சின்னச் சங்கதியை முதலில் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் எங்கள் ஆட்கள் அகதிகளாக வரத்தொடங்கியிருந்தார்கள். ஸ்கீவ, கிரின்ஸ்டெட் என்று ஆளுக்கொரு ஊராகப் பிரித்து அனுப்பினார்கள். எங்கள் பட்டினத்துக்கும் நாலைந்து குடும்பங்கள் வந்தன. அதில் ஒரு இளம்பெண் எங்கள் வாட்டில் தலைப்பிள்ளை பெற்றாள். இங்கே ஒரு வழக்கம் உண்டு: பிள்ளை பிறந்ததும் தாய்க்கு ஒரு தட்டு வரும். சூடான பாண், சீஸ், ஜாம், பழச்சாறு, நடுவில் ஒரு குட்டிக் கடதாசிக் கொடி. தாதி அந்தத் தட்டை அவளிடமும் கொண்டுபோய்க் கேட்டிருக்கிறாள். பின்னேரம் நான் எட்டிப் பார்த்தபோது பிள்ளை நித்திரை, தாய் அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை, நோகுதோ?"

"இல்லை அக்கா… பசிக்குது."

"சாப்பாடு கொண்டுவந்து தரேல்லையே?"

"கொண்டு வந்தவை. வேணுமோ எண்டு கேட்டவை. நான் வேண்டாம் எண்டன். பிறகு கேக்கவே இல்லை அக்கா. கொடியோட தட்டைத் தூக்கிக்கொண்டு போட்டினம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. யார்தான் கேட்ட உடனே "ஓம், தாங்கோ" என்று கையை நீட்டுவார்கள்? ஒருதரம் வேண்டாம் என்போம். அவர்கள் வற்புறுத்துவார்கள். இரண்டாம் தரம் கொஞ்சம் இழுப்போம். மூன்றாம் தரம் வாங்குவோம். அப்படித்தானே வளர்ந்தோம்? மருத்துவிச்சியிடம் போய் இதை விளங்கப்படுத்தினேன். நான் இந்த நாட்டுக்கு வந்து பதினொரு வருடம், எனக்கு இரண்டு பக்கமும் அத்துப்படி என்ற பெருமை வேறு. அவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்: "அப்படியென்றால், எத்தனையாவது வேண்டாம் உண்மையான வேண்டாம்?"

"மூன்றாவது," என்றேன்.

அவர் ஒரு துண்டுக் கடதாசியில், "தமிழ்ப் பெண்களிடம் மூன்று தரம் கேட்கவும்" என்று டேனிஷில் எழுதி, தட்டுகள் அடுக்கும் அலுமாரிக் கதவில் ஒட்டினார். மனுசி அதைக் கடைப்பிடித்தார், என் விஷயத்தில் ஒருபடி கூடவே. என்னைத் தேர்தலில் நில் என்று கேட்டபோதும் நான் மூன்றுதரம் வேண்டாம் என்றேன். அவர் நான்குதரம் கேட்டார். "இந்தப் பட்டினத்தில் எத்தனை பெண்களின் வலியை ஊசி போட்டு நிறுத்தியிருக்கிறாய்! வலி நின்ற நேரத்தில் அவர்கள் கண்டது உன் முகத்தைத்தான். எந்த அரசியல்வாதிக்கு அந்தப் பேர் இருக்கிறது?" என்றார். நான்காம் தரம் நான் ஓம் என்றேன்.

கட்சி என்னைப் பட்டியலின் அடியில் போட்டது. வெளிநாட்டுப் பெயர் ஒன்று கிடந்தால் அழகாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். என் படம் மின்கம்பங்களில் மழையில் நனைந்து தொங்கியது. என் கணவர் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் கீறுகிறவர். கதைத்தால் நக்கல்தான். "இஞ்சரும், உம்மட படத்தைப் பாக்கத் தேயிலை விளம்பரம் மாதிரிக் கிடக்கு," என்றார். மருத்துவிச்சி வேலை முடிந்த பின்னேரங்களில் சைக்கிளில் வீடு வீடாகப் போய்த் துண்டுப்பிரசுரம் கொடுத்தார். தான் வாங்கி எடுத்த பிள்ளைகளின் வீடுகள் என்றபடியால் எல்லாக் கதவும் திறந்தது. இங்கே வாக்குச்சீட்டில் கட்சிக்கும் புள்ளடி போடலாம், தனி ஆளின் பெயருக்கும் போடலாம். எண்பத்தைந்து நவம்பரில் அந்தப் பெண்கள் என் பெயரைத் தேடிப் பிடித்துப் போட்டார்கள். பட்டியலில் எனக்கு மேலே இருந்தவர்களைத் தாண்டி நான் வென்றேன்.

எங்கள் கட்சிக்கு ஆறு ஆசனங்கள். தேர்தல் முடிந்த வாரம் சனிக்கிழமை காலையில் ஆறு பேரும் எங்கள் தலைவர் வீட்டில் கூடினோம். அவர் ஒரு பால் தொழிற்சாலை மனேஜர். வழுக்கைத்தலை, வெள்ளைச் சேர்ட்டு, எதையும் நேரத்துக்குச் செய்கிற ஆள். யார் யார் எந்தக் குழுவில் இருப்பது என்று பங்கு பிரிக்க வேண்டும். அம்டின் வேலையெல்லாம் இந்தக் குழுக்களில்தான் நடக்கும். சபைக் கூட்டம் வெறும் கை உயர்த்தல். ஆஸ்பத்திரிக் குழுவில் மொத்தம் ஏழு பேர்; எங்கள் கட்சிக்கு அதில் ஒரே ஓர் இடம். தலைவர் கோப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டு முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக் குழு. நீ டொக்டர். நீ எடுக்கிறாயா?"

இதற்காகத்தானே வந்தேன்? இதற்காகத்தானே அந்த மனுசி மழையில் சைக்கிள் ஓடியது? ஆனால் அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் என்னிலும் மூத்தவர்கள், பழைய உறுப்பினர்கள். நேற்று வந்தவள் பாய்ந்து விழுந்து முதல் கதிரையைப் பிடிப்பதா? என்ன நினைப்பார்கள்? என் வாய் தானாகவே திறந்தது.

"நை, தக்," என்றேன். வேண்டாம், நன்றி. "நான் புதியவள். அனுபவமுள்ளவர்கள் யாராவது எடுத்தால் நல்லது."

சொல்லிவிட்டுத் தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு காத்திருந்தேன். இனி அவர், "என்ன விளையாட்டு இது, நீதானே டொக்டர், நீ எடுக்காமல் யார் எடுப்பது?" என்பார். மற்றவர்களும் "ஓம், ஓம்" என்பார்கள். நான், "எல்லாரும் இவ்வளவு சொல்கிறபடியால்" என்று தொடங்குவேன். அந்த வசனத்தை டேனிஷில் மனசுக்குள் ஒருதரம் சொல்லியும் பார்த்தேன்.

"சரி," என்றார் தலைவர். கடதாசியில் ஏதோ கீறினார். பக்கத்திலிருந்த பன்றிப் பண்ணைக்காரரைப் பார்த்து, "நீ?" என்றார்.

"யா, தக்," என்றார் அவர். அவ்வளவுதான். முடிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மற்றக் குழுக்களும் அப்படியே ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் வீதிக் குழு மிஞ்சிக் கிடந்தது. வீதியும், வீதி போடச் சரளைக்கல் எடுக்கிற கிறவல் கிடங்குகளும். "இது உனக்கு?" என்று கேட்டார். இதையும் விட்டால் ஒன்றும் இல்லாமல் போய்விடும் என்ற பயத்தில், அவர் கேட்டு முடிக்க முன்னமே ஓம் என்றுவிட்டேன். என்ன கோதாரி வாய் இது! சொல்ல வேண்டிய இடத்தில் பூட்டு, சொல்லக்கூடாத இடத்தில் திறப்பு.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டார்.

"உமக்கு வாயில என்ன கொழுக்கட்டையே? ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதே?"

"இன்னொருக்காக் கேப்பார் எண்டு நினைச்சன்."

"ஆர், அந்த வெள்ளைச் சேர்ட்டோ? அவர் என்ன உம்மட பெரியம்மாவே, பிடிச்சு வச்சுச் சோறு போட?"

"சும்மா இருங்கோ. எனக்கு விசர் வருது."

திங்கட்கிழமையாவது தலைவருக்கு ஒரு கோல் எடுத்து, எனக்கு அந்த இடம் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். எத்தனை பேர் இதை என்னிடம் பிறகு சொல்லிவிட்டார்கள்! கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதா, இன்னொருவர் கதிரையைப் பறிப்பதா என்று அந்தரப்பட்டுக்கொண்டு டெலிபோனைப் பார்த்தபடி இருந்தேன். அவரே யோசித்துவிட்டு எடுப்பார் என்றும் ஒரு நம்பிக்கை. எடுக்கவில்லை. சபையின் முதல் கூட்டத்தில் பெயர்கள் வாசிக்கப்பட்டன. இனி நான்கு வருடங்களுக்கு அதுதான்.

மருத்துவிச்சி பத்திரிகையைக் கையில் பிடித்தபடி உடுப்பு மாற்றும் அறைக்குள் வந்தார். அப்படிக் கோபத்தில் அவரை நான் கண்டதேயில்லை. "உன்னை வெளியே தள்ளிவிட்டார்கள். ஒரு டொக்டரை வைத்துக்கொண்டு பன்றி வளர்ப்பவனைப் போட்டிருக்கிறார்கள். உன் நிறத்துக்காகத்தான்."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "என்ன செய்வது," என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கட்டிக்கொண்டு சத்திரசிகிச்சை அறைக்குள் போய்விட்டேன். அந்த "என்ன செய்வது" முழுப் பட்டினத்துக்கும் பரவியது. பேக்கரியில் நின்ற பெண்கள் என் கையைப் பிடித்து அமத்தினார்கள். தபாற்காரர்கூட, "வெட்கக்கேடு," என்றார். எனக்கு அது பிடித்திருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் பிடித்திருந்தது. முட்டாள் என்று பேரெடுப்பதைவிட, அநியாயம் செய்யப்பட்டவள் என்று பேரெடுப்பது சுகம்.

ஒரு வருடத்துக்கு மேலாக நான் கிறவல் பார்த்தேன். எங்கே கிண்டலாம், எவ்வளவு ஆழம் கிண்டலாம், கிண்டிய குழியை எப்படி மூட வேண்டும் என்று கோப்புக் கோப்பாக வாசித்தேன். சப்பாத்தில் சேறு ஒட்ட ஒட்டக் கிடங்குகளுக்குள் இறங்கினேன். பிள்ளைப்பேறு பற்றி அந்த மண்டபத்தில் என்னிலும் கூடத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. என்னிடம் கேட்டதெல்லாம் லொறிகளின் பாரம்.

பிறகு அது வந்தது. பிரசவ வாட்டை மூடலாம் என்று ஆஸ்பத்திரிக் குழு சிபாரிசு செய்தது. நாலுக்கு மூன்று. நாலாவது கை எங்கள் பன்றிப் பண்ணைக்காரருடையது. நல்ல மனுசன், நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். கணக்கைக் காட்டினார்கள், அவர் நம்பினார். ஆனால் அந்தக் கை உயர்ந்தது நான் இருந்திருக்க வேண்டிய கதிரையிலிருந்து. செய்தியைப் பத்திரிகையில் பார்த்தபோது என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். உண்மையாகவே அடித்துக்கொண்டேன், பக்கத்திலிருந்த எங்கள் மகள் பயந்துபோய் டேனிஷில், "அம்மா, என்ன செய்கிறாய்?" என்று கேட்டாள்.

இரண்டு நாள் கழித்து மருத்துவிச்சி ஒரு பத்திரிகை நிருபரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். திட்டம் அவருடையது. சபையில் இருந்த ஒரே டொக்டரை நிறத்துக்காக ஒதுக்கிவிட்டு, பிறகு பிரசவ வாட்டை மூடுகிறார்கள் என்று முன்பக்கத்தில் வந்தால், கட்சி நடுங்கும். ஆகக்குறைந்தது சபையின் இறுதி வாக்கெடுப்பையாவது தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போட்டால் பட்டினம் திரளும். திட்டம் பிழையில்லை. நடந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். வரும் வழியில் அவர் நிருபருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். இனி என் வாயிலிருந்து ஒரு சொல் வேண்டும்.

நிருபர் கொப்பியைத் திறந்தார். "ஆஸ்பத்திரிக் குழுவில் இடம் தர மறுத்தார்களா? உன்னைக் கேட்கவேயில்லையா?"

கணவர் குசினியில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். மருத்துவிச்சி என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். சொல்லு என்று அர்த்தம். எனக்கும் சொல்ல ஆசைதான்! அந்த வெள்ளைச் சேர்ட்டு என்ன பெரிய தேவதூதனா? என் பெயரை அதுவரை ஒருதரமும் சரியாகச் சொன்னதில்லை. கட்சி என்னைப் பட்டியலின் அடியில் தொங்கவிட்டதும் பொய்யில்லை. நிறம் பார்க்காத ஊர் இது என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை அவர் கேட்டார். ஆறு பேரில் என்னைத்தான் முதலில் கேட்டார்.

"கேட்டார்," என்றேன். "நான் வேண்டாம் என்றேன்."

நிருபர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன்?"

"அவர் இன்னொருதரம் கேட்பார் என்று நினைத்தேன்."

நிருபருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிய ஒரே ஆள் மருத்துவிச்சிதான். எழுந்தார், கோட்டைப் போட்டார், ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினார், போய்விட்டார். கணவர் நாலு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்து நின்றார்.

இதை நேர்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். ஒரு வருடத்துக்கு மேலாகப் பொய்யின் நிழலில் சுகமாக இருந்துவிட்டு, வாட்டுக்கு அந்தப் பொய் தேவைப்பட்ட நாளில் பார்த்து உண்மை பேசினேன். எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் நான் செய்தது பிழையாகவே கிடக்கிறது.

அடுத்த நாள் தலைவரின் பால் தொழிற்சாலைக் கந்தோருக்குப் போய்க் கத்தினேன். "உனக்கு ஒரு மனுசரிடம் இரண்டாம்தரம் கேட்கத் தெரியாதா? டொக்டரை வைத்துக்கொண்டு ஒருதரம் கேட்டுவிட்டு விடுவாயா?" என்றேன். அவர் முகம் சிவந்துபோனது. கோபத்தில் இல்லை, விளங்காமல்.

"நீ வேண்டாம் என்றாய்," என்றார். "நான் உன் சொல்லை மதித்தேன். இரண்டாம்தரம் கேட்டால், உன் சொல்லை நான் நம்பவில்லை என்றல்லவா ஆகும்?"

சீ! கைப்பையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். வாசல் வரை வந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

சபைக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். என் சொந்தக் கட்சிக்கு எதிராகப் பேசினேன். பனியில் நிற்கும் அம்புலன்ஸ், இரத்தப்பெருக்கு, நிமிடக் கணக்கு என்று தெரிந்ததெல்லாம் சொன்னேன். மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவரும் குறுக்கிடவில்லை. பேசி முடித்ததும் கை உயர்த்தினார்கள், வாட்டு போனது. குழுவில் முடிந்த காரியத்தை மண்டபத்தில் மாற்ற முடியாது என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரியும். கிறவலில் அதைத்தானே படித்தேன்.

அதற்குப் பிறகு என் குழுவில் நான் ஒரு பிரேரணை கொண்டுவந்தேன். எங்கள் பட்டினத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வீதிக்குப் பனிக்காலத்தில் மற்ற வீதிகளுக்கு முன்னமே, பனி உருக உப்புப் போட வேண்டும். ஐந்து நிமிடத்தில் எல்லாரும் ஓம் என்றார்கள். என் அரசியல் வாழ்க்கையில் முழு மனதோடு நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான். உப்பு. இதற்காகவா அந்தப் பெண்கள் என் பெயரைத் தேடிப் புள்ளடி போட்டார்கள்?

நிருபர் வந்துபோன நாளிலிருந்து மருத்துவிச்சி என்னோடு வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினார். நாடித்துடிப்பு எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள். அவ்வளவுதான். அவருக்கு அறுபது நெருங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன், வீட்டில் இருக்கப்போகிறேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டார்.

வாட்டின் கடைசி நாள் மத்தியானம் நான் அங்கே போனேன். கட்டில்களை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டார்கள். மருத்துவிச்சி தனியாக நின்று மேசை இலாச்சிகளை இழுத்து வெறுமையாக்கிக்கொண்டிருந்தார். தட்டுகள் அடுக்கும் அலுமாரி திறந்து கிடந்தது. அதன் கதவில் அந்தக் கடதாசித் துண்டு மஞ்சள் பிடித்துப்போய் இன்னும் ஒட்டியபடியே இருந்தது. நான் வாசலில் நின்றேன்.

அவர் மேலங்கிப் பையிலிருந்து தன்னுடைய மரக்குழலை எடுத்தார். வயிற்றில் வைத்துப் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கிற சின்னக் குழல். இருபது வருடங்களாகக் காது பட்டுப் பட்டு அதன் விளிம்பு மினுங்கியது. என் பக்கம் நீட்டினார்.

"உனக்கு வேண்டுமா?"

"ஓம்," என்றேன். தமிழில்தான் வந்தது. கையும் நீண்டுவிட்டது.

அவர் குழலை என் கையில் வைத்தார். கதவில் இருந்த கடதாசியைக் காட்டினார்.

"மூன்றுதரம் கேட்க வேண்டும் என்று ஆயத்தமாக வந்தேன்," என்றார். "எனக்கு இது தெரியும். நீ தானே சொல்லித் தந்தாய். குழு பிரிக்க முன்னமே உன் கட்சி ஆண்களுக்கு நான் இதை ஒரு சொல் சொல்லி வைத்திருக்க வேண்டும்."

என் பிழையை மனுசி தன் தலையில் போட்டுக்கொண்டது. இல்லை, அது உன் பிழையில்லை என்று நான் சொன்னேன். ஒரு தரம்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த இலாச்சியைத் திறந்தார்.